பின்னிருக்கை

கடையில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்:
இருவர் மிதிக்கும் நீண்ட சைக்கிள்,
தக்காளிச் சிவப்பு.
"தனி ஆளா?" என்றார் அந்தோனன்,
விரலிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி.
"அப்படியானால் பாதி வாடகை கொடுங்கள்.
பாதியைத்தானே ஓட்டப்போகிறீர்கள்."

நான் மிதிக்க மிதிக்க
பின்பக்கப் பெடல்களும் சுற்றின,
யாரும் தொடாமல், ஒரு சுற்றும் பிந்தாமல்.
திரும்பிப் பார்ப்பதை
இரண்டாவது கிலோமீட்டரில் விட்டுவிட்டேன்.

செலே ஆற்றோரம் சாலை
பாறையின் தாடைக்குள் நுழைந்து நுழைந்து போகிறது.
சுண்ணாம்புப் பாறை. மேலே சாம்பல்,
மழை வழிந்த தடமெல்லாம் கறுப்பு,
அண்மையில் பெயர்ந்த இடம் மட்டும்
அப்போதுதான் பிட்ட ரொட்டியின் மஞ்சள்.
அதில் முதுகு சாய்த்து நிற்கும் வீடுகளுக்கு
மூன்று சுவர்தான்; நான்காவதை
மலை இலவசமாகத் தந்திருக்கிறது.

ரொட்டிக்கடையில் மதாம் வய்ராக்
கண்ணாடி வழியே சைக்கிளைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
கேட்காமலே இரண்டு வால்நட் கேக் கட்டினாள்.
நான் திருத்தவில்லை.
பாலத்துச் சுவரில் உட்கார்ந்து
இரண்டையும் தின்றேன்,
இரண்டாவதைச் சற்றே கூச்சத்தோடு.

மேட்டுநிலத்துக்கு ஏறும் வளைவில்
கண்ணைச் சுற்றிக் கறுப்பு வட்டம் விழுந்த ஆடுகள்
தேர்வுக்கு முந்தின இரவு தூங்காதவை போல
சாலையை அடைத்து நின்றன.
ஓட்டிவந்த பையன்
"இன்னொருத்தர் எங்கே, விழுந்துவிட்டாரா?" என்று
நிஜமாகவே பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்தான்.
ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.
எட்டு மாதம் ஆகிறது என்றும்.

மேலே நீரே இல்லை.
குட்டை ஓக் மரங்கள், ஜூனிப்பர் புதர்,
எங்கிருந்தோ தொடங்கி எங்கும் முடியாத கல் மதில்கள்.
பெய்வதையெல்லாம் இந்த நிலம்
விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொள்கிறது.

அங்கேதான் வெள்ளை வேன் ஒன்று
மூடி திறந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
இசோர் என்று பெயர் சொன்னாள்.
பதினோரு நாளுக்கு முன்
இந்த மேட்டில் நீர் மறையும் குழி ஒன்றில்
நாலு கிலோ பச்சைச் சாயம் கரைத்து ஊற்றினாளாம்,
மண்ணடியில் ஓடும் ஆறு
எந்த ஊற்றில் தலைகாட்டுகிறதென்று பார்க்க.
ஐந்து மணிக்குள் கீழே போய்
புட்டியில் நீர் பிடிக்க வேண்டும்.
"அந்த இடம்," என்றாள் சைக்கிளைக் காட்டி,
"யாருக்காவது வைத்திருக்கிறீர்களா?"

ஒன்பது கிலோமீட்டர் இறக்கம்.
முதல் வளைவில் நான் இடம் சாய, அவள் வலம் சாய,
ஒரு கற்சிலுவையை முட்டத் தெரிந்தோம்.
இரண்டாவதில் நான் பிரேக் பிடிக்க
அவள் மிதித்தாள்.
மூன்றாவதிலிருந்து இருவரும் பேச்சை நிறுத்தினோம்,
பிறகு சரியாக வந்தது.
காலிப் புட்டிகள் மட்டும் அவள் பையில்
பல் தந்தியடித்தபடி வந்தன.

ஊற்று,
துணி துவைக்கும் பழைய தொட்டிக்குப் பின்னால்
பாறையின் காலடியில்.
நீலம். துளிப் பச்சையும் கலக்காத,
கேட்டதற்குப் பதில் சொல்லாத நீலம்.
குனிந்து நிரப்பினாள்,
வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தாள்,
தேதி எழுதி ஒட்டினாள்.
"இன்னும் இல்லை" என்றாள்,
தபால்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.
ஒருமுறை நாற்பது நாள் ஆனதாம்.
ஒருமுறை வரவேயில்லை.
"அதற்கும் அட்டவணையில்
ஒரு கட்டம் வைத்திருக்கிறோம்."

அவளை யாரோ டிராக்டரில் ஏற்றிப்போனார்கள்.
கையசைத்தாளா என்று தெரியவில்லை,
புழுதி.

பின் பெடலில் அப்பியிருந்த ஈரமண்ணை
அந்தோனன் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆராய்ந்தார்.
"மீதிப் பாதி?" என்று கை நீட்டினார்.
கொடுத்தேன்.

இரவு விடுதியில்
பல் துலக்கக் குழாயைத் திறந்தவன்
தம்ளர் நிறையப் பிடித்து
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்.
சும்மாதான்.